மஞ்சட் கோடும் மறுப்புக் கடிதமும்

ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், மிசனரிமாரின் துண்டுப் பிரசுரங்களையும் ஆறுமுக நாவலரின் கண்டனங்களையும் பழைய பத்திரிகைத் தலையங்கங்களையும் தேடித் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். அவர்களின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், எழுதத் தெரிந்தோர் தாமே எழுதியதும், தெரியாதோர் காசு கொடுத்து எழுதுவித்ததுமான ஓர் உரைநடை வகைக்கு அந்த வரலாற்றிலே உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பெற்றிசத்தையே குறிப்பிடுகிறேன்.

கச்சேரி வாசலின் மரநிழலில், ஒரு சிறு மேசையும் ஒரு தட்டெழுத்துப் பொறியுமாய் அமர்ந்திருந்த பெற்றிசக்காரரை முதிய வாசகர் மறந்திரார். அவர் கைப்பட்ட பெற்றிசத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. கனம் பொருந்திய துரையவர்களின் சமுகத்துக்கு என்று அது தொடங்கும். விண்ணப்பக்காரர் ஏழை என்பதும், குடும்பம் பெரிது என்பதும், மூத்த மகளுக்கு இன்னும் வாழ்வு அமையவில்லை என்பதும், தோட்டத்துக் கிணறு வற்றிப்போனது என்பதும் முறையாக வரும். கோரிக்கை யாது என்பது கடைசிப் பந்தியிலே, பெரும்பாலும் கடைசி வரியிலே, ஒதுங்கி நிற்கும். நடந்தது என்ன என்ற கேள்விக்கு அங்கே அதிக வேலை இல்லை. துரையின் மனம் இளகவேண்டும். அந்த உரைநடையின் பயன் அவ்வளவே.

அதே மண்ணில் இதற்கு நேர்மாறான இன்னோர் உரைநடையும் வளர்ந்தது. கண்டனம் எழுதியோர் எதிரியின் கூற்றை முதலிற் பிசகின்றி எடுத்துரைத்தனர். பின்னர் அதனைச் சொல்லுக்குச் சொல் பிரித்து, பொருந்தாமையைக் காட்டினர். சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாய் அமைந்திருப்பதை அறிந்த நம் மாணவருக்கு இம்முறை புதிதன்று. சமயவாதத்திலே தலை நிமிர்ந்து கண்டனம் எழுதிய சமூகமே, அரசாங்கக் கந்தோருக்கு எழுதும்போது குனிந்து பெற்றிசம் எழுதியது. இது ஏன் என்பதைச் சமூகவியல் கற்றோர் ஆராயட்டும். இந்த இரு வகை எழுத்துக்கும் உள்ள வேறுபாடு எத்தனை பவுண் பெறுமதியானது என்பதை எனக்குக் காட்டியவை, இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்திலே கார்க் கண்ணாடியில் ஒட்டப்படும் தண்ட அறிவித்தல்கள்.

அந்த நகரத்திலே உறவினர் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். நகரத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நடுவிலே பெரிய தேவாலயம். அதனைச் சுற்றிக் குதிரை வண்டிகளுக்கென அமைந்த ஒடுங்கிய தெருக்கள். அத்தெருக்களிலே இக்காலத்துக் கார்கள். இடம் போதாத ஊரில் இடத்துக்கு விதி வேண்டும் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆகவே வீதியோரமெங்கும் மஞ்சட் கோடுகள். ஒற்றைக் கோடு போட்ட இடத்திற் குறித்த நேரங்களில் மாத்திரம் வாகனம் நிறுத்தலாகாது; அந்நேரம் யாதெனக் கூறும் பலகை அங்கே இருத்தல் வேண்டும். இரட்டைக் கோடு எந்நேரமும் தடை என்பதாகும். அதற்குப் பலகை தேவையில்லை. இச்சிறு வேறுபாட்டை அறியாமல் மாதந்தோறும் தண்டம் கட்டுவோர் அங்கே உளர்.

நம்மவருட் பலர் முதியோர் இல்லங்களிலும் பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் வேலை செய்கின்றனர். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதருக்குப் பலகை வாசிக்கும் பொறுமை குறைவு. நான் ஆசிரியத் தொழில் பார்த்தவன் என்பது தெரிந்ததும், ஆங்கிலக் கடிதம் எழுதுவிக்கப் பலர் வரத் தொடங்கினர். அவர்கள் கொண்டுவந்த கடதாசிகளிற் பாதி, வாகனத் தரிப்புத் தண்டம் பற்றியவை.

இத்தண்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. காசு போட்டு வாகனம் நிறுத்தும் பொறி முதன்முதலில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் 1935 ஆம் ஆண்டு யூலை மாதம் நாட்டப்பட்டது. இலண்டனுக்கு அது 1958 இல் வந்தது. 1960 செப்டெம்பரில் இலண்டனிலே தரிப்புக் காவலர்கள் முதன்முதலாக வீதிக்கு இறங்கியபோது, அவர்கள் எழுதிய முதலாவது தண்டச் சீட்டு தோமஸ் கிரைட்டன் என்ற வைத்தியருக்குக் கிடைத்தது. ஹோட்டல் ஒன்றில் மாரடைப்பால் வீழ்ந்தவருக்குச் சிகிச்சை செய்ய ஓடியவர் அவர். தண்டம் 2 பவுண். ஊரே கொதித்தெழ, அந்தத் தண்டம் கைவிடப்பட்டது. தண்டத்தின் வரலாறும் அதனை எதிர்க்கும் வரலாறும் அங்கே ஒரே நாளிற் பிறந்தன எனக் கூறின் மிகையாகாது.

அக்காலத்தில் இது பொலிசுக்கும் நீதவானுக்கும் உரிய குற்ற விவகாரம். 1991 ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் குற்றவியலிலிருந்து பிரித்து, உள்ளூராட்சி மன்றங்கள் பொறுப்பேற்க வழி திறந்தது. இன்று நடைமுறையிலுள்ள ஒழுங்கு 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2008 மார்ச் 31 முதல் இங்கிலாந்தில் வழங்குகிறது. இம்மாற்றத்தை நம்மவர் அறிந்திருத்தல் மிக அவசியம். ஏனெனில், என்னிடம் வந்தவர்களின் முதற் கேள்வி பணம் பற்றியதன்று, "விசாவுக்கு ஏதும் பிழை வருமோ?" என்பதே. மன்றம் தரும் தரிப்புத் தண்டம் குற்றத்தீர்ப்பு ஆகாது. சாரதி அனுமதிப்பத்திரத்திற் புள்ளியும் விழாது. அது ஒரு குடியியற் கடன், அவ்வளவே. இந்த ஒரு வசனத்தைக் கேட்டபின் நிம்மதியாய்த் தேநீர் குடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த மாற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. விதியை எழுதுவதும் மன்றம். மீறியதாகக் கூறுவதும் மன்றம். பணத்தைப் பெறுவதும் மன்றம். ஒருவரே மூன்று வேலையும் செய்யும்போது, நான்காவது வேலையாகிய தீர்ப்பையும் அவரிடமே விடுதல் தகாது என்பதை அந்நாட்டவர் உணர்ந்திருந்தனர். ஆகவே சுதந்திரமான நியாயசபை ஒன்றை அமைத்தனர். இலண்டனுக்கு ஒன்று, இலண்டனுக்கு வெளியேயுள்ள இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மற்றொன்று. சட்டம் கற்ற தீர்ப்பாளர்கள் அங்கே இருக்கின்றனர். மேன்முறையீடு செய்யக் கட்டணம் இல்லை. அற்பத்தனமாகவோ முற்றிலும் நியாயமற்ற வகையிலோ நடந்துகொண்டாலன்றித் தோற்றவர் மீது செலவும் சுமத்தப்படுவதில்லை. கட்டணமின்றித் திறந்து கிடக்கும் அந்த வாசல்வரை நம்மவர் போவதில்லை.

ஏன் போவதில்லை? அரைவிலைதான் காரணம். இலண்டனுக்கு வெளியே பெரும்பாலான நகரங்களிற் பாரதூரமான மீறலுக்குத் தண்டம் 70 பவுண், சிறியதற்கு 50 பவுண். அறிவித்தல் கிடைத்த 14 நாட்களுட் கட்டினாற் பாதி போதும். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு சலுகை. எனக்கோ அது வாய் திறவாமைக்கு வைத்த விலையாகவே தோன்றிற்று. குற்றம் செய்தவரும் 35 பவுண் கட்டுகிறார். செய்யாதவரும், எதிர்த்துத் தோற்றால் 70 ஆகுமே என்று அஞ்சி, அதே 35 பவுணைக் கட்டுகிறார். இரவு வேலை செய்யும் ஒருவருக்கு 70 பவுண் என்பது ஓர் இரவின் உழைப்பிற் பாதிக்கு மேல். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது முழுவதும் சரியான தகவலில் எழுந்த பயமன்று. அந்த 14 நாட்களுக்குள் முதற்கட்ட மறுப்பை எழுதி, மன்றம் அதனை ஏற்க மறுத்தால், பாதித் தண்டத்தைக் கட்டும் வாய்ப்பை மீண்டும் வழங்கவேண்டும் என்பது மன்றங்களுக்கு அரசாங்கம் கொடுத்த வழிகாட்டல். பெரும்பாலான மன்றங்கள் அவ்வாறே செய்கின்றன. ஆகவே முதலாவது கடிதத்தை எழுதுவதால் இழப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, ஒரு மாலைப்பொழுதைத் தவிர.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் ஒரு பெண்மணி ஒரு நாள் வந்தார். வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். வீதியோரத் தரிப்பிடத்தில் காசு போட்டுச் சீட்டும் எடுத்திருக்கிறார். கடையிலே கூட்டம். திரும்பி வந்தபோது கண்ணாடியில் மஞ்சள் உறை. அவர் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி, அதன் ஆங்கிலத்தைத் திருத்தித் தருமாறு என்னிடம் நீட்டினார். நான்கு பக்கம். தகப்பனாரின் பாரிசவாதம் இருந்தது. வெளிநாடு வருவதற்குப் பட்ட கடன் இருந்தது. இல்லத்திலே ஒரு முதியவள் தன் கையைப் பிடித்தபடியே உயிர்விட்ட இரவு இருந்தது. இலக்கியமாக நோக்கின் அந்த மூன்றாம் பக்கம் பல சிறுகதைகளை வெட்கப்படச் செய்யும். ஆனால், அறிவித்தல் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பது அந்த நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

அறிவித்தலையும் தரிப்புச் சீட்டையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்தேன். சீட்டு முடிவடைந்தது 9.40 க்கு. அறிவித்தல் எழுதப்பட்டது 9.47 க்கு. காசு கட்டிய நேரமோ இலவசமாக அனுமதித்த நேரமோ முடிந்தபின் 10 நிமிட அவகாசம் கழியுமுன் மன்றம் தண்டம் விதித்தலாகாது என்பது 2015 ஏப்ரில் 6 முதல் இங்கிலாந்திற் சட்டம். ஏழு நிமிடம். கடிதம் மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது. இன்ன அறிவித்தல், இன்ன இலக்கம். சீட்டு முடிந்தது இத்தனை மணிக்கு, அறிவித்தல் எழுதியது இத்தனை மணிக்கு, இரண்டின் படமும் இணைக்கப்பட்டுள்ளன. சட்டம் தந்த அவகாசத்துள் எழுதப்பட்டமையால் இதனை இரத்துச் செய்க.

பெண்மணி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாஸ்டர், இவ்வளவுதானோ? என்ரை கஷ்டம் ஒண்டும் இதிலை இல்லையே!"

அந்தக் கேள்விக்கு நான் உடனே மறுமொழி கூறவில்லை. கஷ்டத்தைச் சொல்லாத கடிதம் அவருக்கு உடுப்பில்லாமல் வீதிக்கு வந்தது போலிருந்தது. நான் அறிந்த பெற்றிசக்காரர் எவரும் அம்மூன்று வசனத்துக்குக் காசு கேட்டிருக்கவும் மாட்டார். ஆயினும் அந்த நான்கு பக்கமும் அனுப்பப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம், எனினும் தண்டம் செல்லுபடியாகும் என்று ஒரு மரியாதையான பதில் வந்திருத்தல் கூடும். கெஞ்சுபவன் தன் பக்கத்தில் நியாயம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டவனாகவே வாசிக்கப்படுகிறான். மூன்று வசனக் கடிதத்துக்கு இரண்டு வசனப் பதில் வந்தது, தண்டம் இரத்தாயிற்று.

இனி, முறையைக் கூறுகிறேன். கண்ணாடியில் அறிவித்தலைக் கண்டதும் அதனைக் கிழித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு புறப்படுவது மனித இயல்பு. அவ்வாறு செய்யாமல், காரை அசைப்பதற்கு முன் நின்று படம் எடுத்தல் வேண்டும். கார் நின்ற நிலை, கோடு, அருகிலுள்ள பலகை, பலகைக்கும் காருக்கும் உள்ள தூரம், காசுப் பொறி, அதிலே பழுது இருந்தால் அது, இவை யாவும் படத்தில் வரவேண்டும். மரக்கிளை மறைத்த பலகை அடுத்த வாரம் கிளை வெட்டப்பட்டுத் தெளிவாய் நிற்கும். அப்போது எடுத்த படம் மன்றத்துக்கே சாட்சியாகும். கோடு சிறிது அழிந்துவிட்டது என்ற ஒன்றே பெரும்பாலும் போதாது. அவ்விடத்தில் விதி இன்னதென்று ஒரு சாரதி அறிந்துகொள்ளக் கூடியதாய் இருந்ததா என்றே தீர்ப்பாளர் நோக்குவார்.

பின்பு அறிவித்தலை வாசித்தல். நம்மவர் தொகையைத்தான் வாசிக்கின்றனர். வாசிக்கவேண்டியவை வேறு: திகதி, நேரம், தெருவின் பெயர், வாகன இலக்கம், மீறலின் குறியீடு. 01 என்றால் தடைசெய்யப்பட்ட தெருவில், தடைசெய்த நேரத்தில் நிறுத்தியமை. 05 என்றால் காசு கட்டிய நேரம் கடந்தும் நிறுத்தியமை. குற்றச்சாட்டு இன்னதென்று தெரியாமல் எழுதப்படும் மறுப்பு, பரபக்கம் கூறாத சுபக்கம் போன்றது. அலுவலர் எடுத்த படங்கள் மன்றத்திடம் இருக்கும். அறிவித்தல் இலக்கத்தைக் கொடுத்து அவற்றைப் பார்க்கலாம், அல்லது கேட்டுப் பெறலாம். சில வேளைகளில் அந்தப் படங்களே எதிராளிக்கு உதவும். சீட்டு கண்ணாடியின் உட்புறத்தில் தெளிவாகத் தெரியும் படத்தை மன்றமே எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டு வைக்கப்படவில்லை என்று வழக்காடிய விந்தையை நான் கண்டேன்.

முதற் கடிதத்தை மன்றம் நிராகரித்தால் அத்துடன் முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முறைப்படியான விசாரணை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. 28 நாட்களுட் பணம் கட்டாவிடின், வாகனம் யார் பெயரிற் பதியப்பட்டுள்ளதோ அவருக்கு மன்றம் தபாலில் ஓர் அறிவித்தல் அனுப்பும். அதற்கு 28 நாட்களுள் முறைப்படி மறுப்புரை அனுப்பலாம். எந்தெந்தக் காரணங்களால் மறுக்கலாம் என்பதைச் சட்டமே வகுத்துள்ளது: அப்படியொரு மீறல் நடைபெறவில்லை, அக்காலத்தில் வாகனம் என்னுடையதன்று, என் சம்மதமின்றி எடுத்துச் செல்லப்பட்டது, விதித்த தொகை விதிக்கத் தக்கதிலும் அதிகம், மன்றம் செய்முறையிற் தவறியது, இவை அவற்றுட் சில. மறுப்புரை கிடைத்து 56 நாட்களுள் மன்றம் பதில் தராவிடின், மறுப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். நிராகரித்தால், அதன் பின் 28 நாட்களுள் நியாயசபைக்குப் போகலாம். கோட்டும் சூட்டும் போட்டு நிற்கவேண்டியதில்லை; எழுத்திலோ தொலைபேசியிலோ விசாரணை முடிந்துவிடும். இந்தக் கட்டத்துக்கு வந்தபின் அரைவிலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே கையிலே சாட்சி இருப்பவரே இவ்வழியிற் போதல் நன்று. கோபம் மாத்திரம் இருப்பவர், முதற் கடிதத்துக்கு வந்த பதிலுடன் 35 பவுணைக் கட்டிவிட்டு உறங்குதல் நல்லது.

அதிபுத்திசாலிகள் காட்டும் குறுக்குவழி ஒன்றும் அங்கே உலாவுகிறது. குற்றத் தீர்ப்புக்கு முன் தண்டம் விதித்தல் செல்லாது என்று 1689 ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் கூறுகிறதாம். ஆகவே தரிப்புத் தண்டமெல்லாம் செல்லாதாம். மன்னனை அடக்குவதற்கு எழுந்த சட்டத்தை மஞ்சட் கோட்டுக்கு இழுப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் இவ்வாதத்தை ஏற்கவில்லை. மூன்று நூற்றாண்டுக்கு முந்திய சட்டத்தைப் பக்கம் பக்கமாக எடுத்தெழுதியவர்கள், தங்கள் சீட்டில் இருந்த நேரத்தைப் பார்க்க மறந்ததையும் கண்டேன். பெற்றிசத்தின் கண்ணீரும் இந்தச் சட்டப் பகட்டும் தூரத்து உறவினர் போலும். இரண்டும் நடந்ததைக் கூறாமலே வெல்லப் பார்க்கின்றன.

அப்படியாயின் இரக்கத்துக்கு அச்சட்டத்தில் இடமே இல்லையா? உண்டு. அதனை அவர்கள் வைத்த விதந்தான் என் மனத்தை மிகக் கவர்ந்தது. வகுத்த காரணங்களுள் ஒன்றும் பொருந்தாதபோதும், தண்டத்தை இரத்துச் செய்யத் தக்க வலுவான காரணங்கள் இருப்பின் அவற்றையும் மன்றம் கருத்தில் எடுத்தல் வேண்டும். நெஞ்சுவலி கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய், விதியை மீறியதை மறுக்கமுடியாது. ஆனால் அவளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. நியாயசபைக்கு அது வந்தால், மீறல் நடக்கவில்லையெனில் தண்டத்தை இரத்துச் செய்யுமாறு கட்டளையிடும் அதே தீர்ப்பாளர், இங்கே கட்டளையிட முடியாது. மன்றத்துக்குப் பரிந்துரை மாத்திரம் செய்யலாம். மன்றம் 35 நாட்களுள் அதனைப் பரிசீலித்து முடிவு கூறவேண்டும். உரிமைக்கு ஒரு வாசல், இரக்கத்துக்கு வேறொரு வாசல். ஒரே கடிதத்திலே இரண்டையும் கலந்தால், உரிமை பலவீனமாகத் தெரியும். இரக்கம் சாட்டுப்போக்காகத் தெரியும். 1960 இன் வைத்தியர் கிரைட்டனுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வாசலின் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆகவேதான் அந்தப் பெண்மணியின் நான்கு பக்கத்தையும் கிழிக்கவேண்டாம் என்றேன். இன்னொரு நாளில், நேரம் அவர் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில், அதன் மூன்றாம் பக்கம் தேவைப்படலாம்.

இன்னொரு கண்ணி பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது. பல்பொருள் அங்காடிகளின் முற்றங்களிலும் வைத்தியசாலை வளவுகளிலும் தனியார் கம்பனிகள் தரும் கடதாசி, மன்றத்தின் அறிவித்தலைப் போலவே மஞ்சள் உறையில் வரும்; பி.சி.என். என்ற அதே மூன்று ஆங்கில எழுத்துக்களையே தாங்கியிருக்கும். மன்றத்தினது தண்டம், இது ஒப்பந்தப்படி கேட்கும் கட்டணம். இதற்கு நியாயசபை கிடையாது. கம்பனி சேர்ந்துள்ள சங்கத்தின் மேன்முறையீட்டு ஒழுங்கு வேறு, அதன் பின்னர் சாதாரணக் குடியியல் நீதிமன்றம். தனியார் நிலத்திலே சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் வழக்கத்தை 2012 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனால், சாரதி யாரென்று தெரியாவிடின் குறித்த நிபந்தனைகளின் கீழ் வாகனத்தைப் பதிந்தவரிடமே கட்டணத்தைக் கேட்கலாம் என்றும் அதே சட்டம் இடம் வகுத்தது. இத்தகைய கடதாசிக்கு உயிரே இல்லை, குப்பையிற் போடலாம் என்று நம்மவர் ஒருவருக்கொருவர் கூறும் ஆலோசனை காலங்கடந்தது. செம்ஸ்போட் என்ற நகரிலே, இரண்டு மணித்தியாலம் இலவசமாக நிறுத்தக்கூடிய இடத்திற் 56 நிமிடம் அதிகம் நின்றதற்காகக் கேட்கப்பட்ட 85 பவுணை எதிர்த்து, பாரி பீவிஸ் என்ற மீன் பொரியற் கடைக்காரர் உயர் நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் ஏழு நீதியரசருள் அறுவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பெரிய எழுத்திலே பலகை நாட்டி, தொகையையும் கூறியிருந்தமையால், அது மிதமிஞ்சியதன்று என்றனர். தோற்றவரைக் குறித்து எனக்கு மரியாதையே உண்டு. 85 பவுணுக்காக நாட்டின் அதியுயர்ந்த மன்று வரை சென்று, சட்டம் இன்னதென்று எல்லோருக்கும் தெளிவாக்கிவிட்டு அவர் தோற்றார்.

பதில் எழுதாமல் விடுவோரின் கதை வேறு. மன்றத்தின் தண்டத்துக்கு வாய் திறவாதிருந்தாற் தொகை ஒன்றரை மடங்காகும். பின்பு நோர்தாம்ரன் நகரிலுள்ள நிலையம் ஒன்றிற் கடனாகப் பதியப்படும். அதன்பின், நம்மூரிற் பிஸ்கால் சேவகர் வந்து சாமான் பறித்த காலத்தை நினைவூட்டும் மனிதர்கள் கதவைத் தட்டுவர். என்னிடம் வந்த ஓர் இளைஞனுக்கு நேர்ந்தது இதுதான். ஒன்றரை ஆண்டில் மூன்று அறை மாறியவன் அவன். கடிதங்கள் யாவும் முதல் அறைக்கே போயின. அவன் அறிந்திராத வழியொன்று இருந்தது. சொந்தக்காரருக்கான அறிவித்தல் தன்னை வந்தடையவில்லை எனக் குறித்த படிவத்திற் சாட்சிக் கூற்று எழுதிக் கொடுத்தால், அது ஏற்கப்படுமிடத்து, விவகாரம் பின்னோக்கிச் சென்று அவனுக்குப் பேசும் வாய்ப்பு மீண்டும் கிடைக்கும். பொய்யாக எழுதுதல் பெருங்குற்றம் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். அவனுக்குப் பொய் தேவைப்படவில்லை. வாடகைச் சீட்டுகள் கையில் இருந்தன. வீடு மாறியதும் வாகனப் பதிவில் விலாசத்தை மாற்றாவிடின் அதற்கே 1000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம் என்பதையும் அந்தப் பகலிலேதான் அவன் அறிந்தான், முகம் கறுத்துவிட்டது.

நம் நாட்டு நிலை சற்று வேறானது. இங்கே வீதியிற் பொலிஸ் உத்தியோகத்தர் தரும் தண்டப்பத்திரத்தை 14 நாட்களுட் கட்டினால் விவகாரம் முடிந்தது. கட்டாவிடின் நீதவான் முன் செல்லவேண்டும். இடையிலே ஒரு நியாயசபை இல்லை. அதாவது, நான் மீறவில்லை என்று கூற விரும்புபவர் ஒரு நாள் வேலையையும், சில வேளை ஒரு சட்டத்தரணியின் கூலியையும் முதலில் இழக்கத் துணிதல் வேண்டும். கட்டிவிட்டுப் போவதே இலாபம் என்று கணக்கிடுவோரை யார் குறைகூற முடியும்? தண்டம் நியாயமானதா என்ற கேள்விக்கு, அதனை எதிர்க்க எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியே விடையாகி விடுகிறது. இத்துறையிற் சட்டம் இயற்றுவோர் அந்தக் கட்டணமில்லா நியாயசபையை ஒருமுறை நோக்குதல் நன்று.

ஊர் திரும்பியபின், எங்கள் வாசிகசாலையிற் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் உயர்தர மாணவருக்கு இதனை ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தேன். பாடசாலையில் அவர்கள் கற்ற கடிதங்கள் யாவும் வேண்டுதற் கடிதங்கள்: லீவு வேண்டி அதிபருக்கு, வீதிவிளக்கு வேண்டிப் பிரதேச சபைக்கு. மறுப்புக் கடிதம் ஒன்றேனும் அவர்கள் எழுதியதில்லை. அறிவித்தலின் விபரத்தையும் சீட்டின் விபரத்தையும் கரும்பலகையில் எழுதி, வேண்டிய சட்டத்தையும் இரண்டு வரியிற் கூறிவிட்டு, பதில் எழுதுமாறு பன்னிரண்டு பேரிடமும் விட்டேன். பெரும்பாலோர் தாழ்மையுடன் தொடங்கினர். இருவர் தகப்பனாரை நோயில் வீழ்த்தினர். ஒருவன் அழகிய தமிழில் மன்றத்தின் கருணையைக் கடலுக்கு ஒப்பிட்டான்.

பின்வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை நெடுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தாள். காரணம் கேட்டேன். "சேர், சீட்டிலை 9.40 எண்டது காசு போட்ட மெசினின்ரை நேரம். நோட்டீசிலை 9.47 எண்டது அந்த ஆளின்ரை கருவியின்ரை நேரம். இரண்டு மணிக்கூடும் ஒரே நேரம் காட்டினது எண்டு ஆர் பார்த்தது?" என்றாள்.